காகிதத்தில் இல்லாத எடை

ஆந்திராவின் தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் எங்கள் நாகலாபுரத்தில் என் எடை எல்லோருக்கும் தெரியும். ஷேர் ஆட்டோக்காரர் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே பின்சீட்டில் இருக்கும் ஒருவரை எழுப்பித் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். வேதநாராயண சுவாமி கோயில் வாசலில் பூ விற்கும் அம்மா, முழம் போட்டுக்கொண்டே, "போன மாசத்துக்கு இந்த மாசம் ஒரு சுத்து ஏறிட்டே" என்று கணக்குச் சொல்வாள். கல்யாண வீடுகளில் எனக்கு மட்டும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் போடுவார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஆனால் 2024 கோடையில், டாக்டரிடம் ஒரு விஷயம் கேட்கத் தயாரானபோதுதான் தெரிந்தது: ஊருக்கே தெரிந்த அந்த எடை, உருப்படியாக ஒரு காகிதத்திலும் இல்லை.

நான் கேட்க நினைத்தது எடைக்குறைப்பு ஆபரேஷன். வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள் போட்டு, இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, குழாய் வடிவில் மீதியை மட்டும் விட்டுவைக்கிற 'ஸ்லீவ்' முறை. வெட்டி எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. அதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டுதான் ஆசைப்பட்டேன்.

வேலூருக்கோ சென்னைக்கோ நேரே போய் ஒரு சர்ஜனைப் பார்த்திருக்கலாமே என்று இப்போது கேட்கிறார்கள். பார்க்கலாம்தான். எங்கள் வீட்டில் அது நடக்காது. இந்த ஊரில் முப்பது வருஷத்துக்கு மேலாக கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் ஒருவர் இருக்கிறார். என் மாமனாருக்குக் கடைசிவரை வைத்தியம் பார்த்தவர், என் பிள்ளைகளுக்கு முதல் ஊசி போட்டவர். அவர் "சரே" என்று சொன்னால் அத்தைக்குச் சரி, என் வீட்டுக்காரருக்குச் சரி. அவர் தலையை ஆட்டாவிட்டால் பிரதமரே வந்து சொன்னாலும் சரியில்லை.

இன்னொரு காரணம் காப்பீடு. என் வீட்டுக்காரர் ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர். கம்பெனி எடுத்துக் கொடுத்த குடும்பக் காப்பீட்டுப் புத்தகத்தை அதுவரை யாரும் பிரித்ததில்லை. மகள் பிரித்தாள். சென்னையில் என்ஜினீயரிங் படிக்கிறவள், பொடி எழுத்தைக் கண்டால் பயப்படாதவள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் எல்லாக் கம்பெனிகளுக்கும் ஒரே மாதிரி வகுத்துக் கொடுத்த விதி அதில் இருந்தது. உடல் பருமனுக்கான ஆபரேஷனுக்குப் பணம் தரவேண்டுமென்றால், டாக்டரின் ஆலோசனையின் பேரில் அது நடக்க வேண்டும். வயது 18 ஆகியிருக்க வேண்டும். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 35இலிருந்து 40க்குள் என்றால் கூடவே கடுமையான நோய் ஒன்று வேண்டும்: கட்டுக்குள் வராத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்திணறல், இதய ரத்தக்குழாய் நோய், பருமனால் வந்த இதயத்தசை நோய், இந்த நான்கில் ஒன்று. அதோடு, ஆபரேஷன் இல்லாத மற்ற வழிகளையெல்லாம் முயன்று தோற்றிருக்க வேண்டும்.

மகள் கால்குலேட்டரை எடுத்தாள். உயரம் 155 சென்டிமீட்டர், எடை 95 கிலோ. வந்த எண் 39.54. நாற்பதைத் தொட இன்னும் ஒரு கிலோ சொச்சம் வேண்டும்! வாழ்க்கையிலேயே முதல் தடவையாக என் எடை போதவில்லை. "ஒரு வாரம் நல்லா சாப்பிடும்மா, ஆயிடும்" என்றாள். சிரித்தோம். ஆனால் அன்று ராத்திரி நான் நிஜமாகவே அதை யோசித்துக்கொண்டிருந்தேன். சட்டம் எழுதுகிறவர்கள் ஒரு கிலோவுக்கு இந்தப் பக்கம் ஒருத்தியையும் அந்தப் பக்கம் ஒருத்தியையும் நிறுத்திவிடுகிறார்கள். அந்த நாற்பதும் முப்பத்தைந்தும் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால், அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் 1991இல் கூட்டிய ஒரு மாநாட்டிலிருந்து. உலக சர்ஜன் சங்கங்கள் 2022இலேயே அதைத் திருத்திவிட்டன. பி.எம்.ஐ. 35 இருந்தால் வேறு நோய் இல்லாவிட்டாலும் ஆபரேஷனைப் பரிந்துரைக்கலாம் என்றும், ஆசியர்களுக்கு 27.5இலிருந்தே யோசிக்கலாம் என்றும் சொல்லிவிட்டன. மருத்துவம் நகர்ந்துவிட்டது, காப்பீட்டுப் புத்தகம் மட்டும் 1991இலேயே உட்கார்ந்திருக்கிறது.

ஆசியர்களுக்கு ஏன் தனி எண் என்பதற்கு ஒரு நல்ல கதை உண்டு. புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் போட்டோ ஒன்றை 2004இல் 'லான்செட்' இதழ் வெளியிட்டது. இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றேதான், 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம். நம் உடம்பு எடை காட்டாமலேயே கொழுப்பைச் சேர்த்துவிடுகிறது. ஒல்லியாக இருக்கும் என் கொழுந்தனாருக்கு நாற்பது வயதிலேயே சர்க்கரை வந்தது எப்படி என்று அதைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

சரி, சர்க்கரைதான் எனக்கும் இருக்கிறதே, 35க்கு மேல் என்ற கணக்கில் வந்துவிடலாமே என்று தோன்றியது. அதற்குத்தான் காகிதம் வேண்டும். எவ்வளவு நாளாக எடை, எப்படி ஏறியது, என்னென்ன செய்து பார்த்தாள் என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். அவர் நோட்டில் என்னைப் பற்றி இருந்ததெல்லாம் காய்ச்சல், இருமல், பி.பி., சர்க்கரை மாத்திரை. எடை என்ற கட்டத்தில் ஒன்றுமில்லை. அவர் கிளினிக்கில் மிஷின் இருந்தது, ஆனால் பொம்பளைகளை அதில் ஏறச் சொல்வது அவருக்குச் சங்கோஜம், ஏறுவது எங்களுக்குச் சங்கோஜம். பார்த்தவுடனே, "வாயைக் கட்டும்மா" என்பார். அதோடு எடை விஷயம் முடிந்தது. வாயைக் கட்டச் சொன்னதைக்கூட அவர் எழுதி வைக்கவில்லை.

அதனால் நான் காகிதம் தேட ஆரம்பித்தேன்.

முதலில் கிடைத்தது கர்ப்பிணி அட்டை. பெரியவளைச் சுமந்தபோது ஆரம்ப சுகாதார நிலையத்து ஏ.என்.எம். அம்மா எழுதியது: 2003, 61 கிலோ. சின்னவனுக்கு 2007இல் 74. அந்த அட்டையில் சர்க்கரை என்று சிவப்பு மையில் கோடு போட்டிருந்தாள். பிரசவத்தோடு வந்து பிரசவத்தோடு போய்விடும் என்று சொன்ன சர்க்கரை அது. போனது, ஐந்து வருஷம் கழித்துத் திரும்பி வந்தது.

அப்பாவின் தகரப் பெட்டியில் புத்தூர் ரயில்வே ஸ்டேஷன் எடை மிஷின் டிக்கெட் ஒன்று கிடந்தது. காசு போட்டால் பல்பு சுற்றி, ஒரு பக்கம் எடையும் இன்னொரு பக்கம் ஜாதகமும் அடித்துத் தரும் அட்டை. 38 கிலோ. எட்டாவது படித்த வயது. 'உங்கள் பொறுமைக்குப் பலன் கிடைக்கும்' என்ற மாதிரி ஏதோ ஒன்று ஜாதகப் பக்கத்தில். டாக்டருக்கு இது பயன்படாது என்று தெரியும். எடுத்து வைத்துக்கொண்டேன்.

நிஜமான புதையல் டைலரிடம் இருந்தது. பஜாரில் எனக்குக் கல்யாண ரவிக்கை தைத்த அண்ணாதான் இன்றைக்கும் தைக்கிறார். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் நீள நோட்டில் ஒரு பக்கம், தேதி போட்டு அளவு. என் கணக்கு 2001இல் மார்பு 34 அங்குலத்தில் தொடங்குகிறது. கை, இடுப்பு, மார்பு எல்லாம் பண்டிகைக்குப் பண்டிகை ஏறுகிறது. 2010இலிருந்து மூன்று வருஷ நோட்டைக் கரையான் தின்றுவிட்டது. கடைசியாக 2023 தீபாவளி, 48 அங்குலம். நடுவில் இரண்டு இடங்களில் இறக்கமும் இருக்கிறது. நான் கடுமையாகப் பட்டினி கிடந்த காலங்கள் அவை. இறங்கிய இடத்திலிருந்து அடுத்த அளவு பழையதைத் தாண்டிப் போய் நிற்கிறது. என் முயற்சிகளுக்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்த நோட்டுத்தான். "டாக்டருக்கா? ரவிக்கை அளவையா?" என்று அண்ணா நெளிந்தார். ஜெராக்ஸ் எடுக்க விட்டார். எதிர்ப் பக்கத்தில் இருந்த வேறு யாருடைய அளவும் தெரியாதபடி காகிதத்தை வைத்து மறைத்துப் பிடித்துக்கொண்டார், நல்ல மனுஷன்.

அந்த இறக்கங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லை ஊரில் இருப்பதில் ஒரு வசதி, எங்களுக்கு டயட்டும் இரண்டு பக்கமிருந்தும் வரும். தெலுங்குப் பக்கமிருந்து வந்தது தேங்காய் எண்ணெய் டயட். 2018 வாக்கில் ஆந்திரா முழுக்க அதே பேச்சு. அரிசி கிடையாது, ராகிக் களி கிடையாது, தேங்காய் எண்ணெயைக் கிண்ணத்தில் அளந்து குடிக்க வேண்டும், எலுமிச்சைத் தண்ணீர் குடிக்க வேண்டும். தமிழ்ப் பக்கத்து ஊத்துக்கோட்டையிலிருந்து வந்தது பேலியோ. பாதாமை ஊற வைத்துத் தோலுரிப்பதிலேயே காலை போய்விடும். இரண்டிலும் இளைத்தேன். பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே இளைத்தேன். சர்க்கரைகூட இறங்கியது. அப்புறம் நாத்தனார் மகள் கல்யாணம், அப்புறம் கொரோனா, அப்புறம் பசி. அந்தப் பசியைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. சாப்பிட்டு எழுந்து கை துவட்டும்போதே தொடங்கும் பசி அது.

மகள் ஒரு ஆராய்ச்சியைத் தேடி எடுத்துப் படித்துக் காட்டினாள். மெல்பர்னில் ஐம்பது பேரைப் பத்து வாரம் கடும் பத்தியத்தில் வைத்து இளைக்கச் செய்து, ஒரு வருஷம் கழித்து அவர்களுடைய ரத்தத்தைப் பார்த்திருக்கிறார்கள். 2011இல் வெளியானது. பசியைத் தூண்டும் சுரப்பு ஒரு வருஷத்துக்குப் பிறகும் ஏறியபடியே இருந்தது, போதும் என்று சொல்லும் சுரப்புகள் இறங்கியே இருந்தன. கிரெலின் என்ற அந்தப் பசிச் சுரப்பு பெரும்பாலும் சுரப்பது இரைப்பையின் மேல் பகுதியில். ஸ்லீவ் ஆபரேஷனில் வெட்டி எடுப்பது அந்தப் பகுதியைத்தான். இதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. ஆராய்ச்சிக் கட்டுரை கேட்டு அழுத பொம்பளை எங்கள் தெருவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நடைப்பயிற்சியும் உண்டு. கோயில் மதிலைச் சுற்றி விடியற்காலையில் நடப்பேன். கிருஷ்ணதேவராயர் தன் தாய் நாகலாம்பாள் பெயரில் உண்டாக்கிய ஊர், அவர் கட்டிய கோயில், பெரிய மதில். ஒரு சுற்று முடிவதற்குள் முட்டி பேச ஆரம்பிக்கும். முட்டிக்கு ஊர் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: "புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுட்டு வா." புத்தூர்க் கட்டு எலும்பு முறிந்தவர்களுக்கு. என் எலும்பு முறியவில்லை, அது சுமக்கிறது. சனி, ஞாயிறு விடியலில் சென்னையிலிருந்து பையன்களும் பெண்களும் முதுகில் மூட்டையோடு வந்து இறங்கி, நாகலா மலைக்கு ஓடை வழியாக ஏறப் போவார்கள். மதிலோரம் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும் என்னைப் பார்த்து ஒருத்தி, "சூப்பர் ஆன்ட்டி, கீப் இட் அப்" என்று கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனாள். அன்றோடு நான் நடக்கும் நேரத்தை மாற்றிக்கொண்டேன்.

காகிதம் சேர்ந்தது. அடுத்தது வீட்டில் இருந்த பயம். அந்த ஏப்ரலில்தான் புதுச்சேரி இளைஞர் ஒருவர், 26 வயது, சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடைக்குறைப்பு ஆபரேஷனின்போது இறந்துபோனார். டி.வி.யில் அவருடைய பெற்றோர் அழுததை அத்தை பார்த்தாள். அரசு விசாரணை வைத்தது, அந்த ஆஸ்பத்திரியின் அனுமதியைத் தற்காலிகமாக நிறுத்தியது, எல்லாம் செய்தியில் வந்தது. கூடவே அத்தைக்குப் பழைய ஞாபகமும் வந்தது. "ஆர்த்தி அகர்வால் செத்துப்போச்சே, அந்தப் பொண்ணு! வெங்கடேஷோட நடிச்சது!" 2015இல் அமெரிக்காவில் 31 வயதில் இறந்த தெலுங்கு நடிகை. சில வாரங்களுக்கு முன் அவர் செய்துகொண்டதாகப் பத்திரிகைகள் எழுதியது லைப்போசக்‌ஷன், தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பை உறிஞ்சி எடுப்பது. அழகுக்காகச் செய்வது அது, சர்க்கரையையும் பசியையும் தொடாது. நான் கேட்பது வேறு ஆபரேஷன் என்று அத்தைக்கு விளக்கினேன். "ரெண்டுலயும் கத்திதானே?" என்றாள். பதில் இல்லை.

என் வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைத்தது சாலைத்துறை மந்திரி நிதின் கட்கரி. 2011இல் மும்பையில் அவர் இதே மாதிரி ஆபரேஷன் செய்துகொண்டவர் என்று மகள் காட்டினாள். "அவர் நல்லா ரோடு போடறாரே" என்றார் இவர். எந்த வாதம் எங்கே எடுபடும் என்று சொல்ல முடிவதில்லை.

ஆனால் டாக்டரிடம் கட்கரியைச் சொல்ல முடியாது. பயத்துக்குப் பதிலாக ஒரு எண் வேண்டும். அமெரிக்காவில் பத்து மருத்துவமனைகளில் ஆபரேஷன் செய்துகொண்ட 4,776 பேரைப் பின்தொடர்ந்து 2009இல் வெளியிட்ட கணக்கில், முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் 0.3 சதவீதம். ஆயிரத்தில் மூன்று பேர். ஸ்வீடனில் 1987இல் தொடங்கிய பெரிய ஆய்வு, ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் இறப்பு குறைவு என்று 2007இல் சொன்னது. இரண்டையும் எழுதிக்கொண்டேன். கெட்டதையும் எழுதிக்கொண்டேன்: ஆயுசு முழுக்க பி12, இரும்புச்சத்து, கால்சியம், டி வைட்டமின். நெஞ்சரிப்பு கூடலாம், பித்தப்பையில் கல் வரலாம், முதல் சில மாதம் முடி கொட்டும், சில வருஷம் கழித்து எடை கொஞ்சம் திரும்பவும் ஏறலாம். கெட்டதை நானே முதலில் சொல்லிவிட்டால், அதைச் சொல்லி என்னை அனுப்பிவிட அவருக்கு வழி இருக்காது.

மகள் இதையெல்லாம் லேப்டாப்பில் தலைப்பு போட்டு, கட்டம் போட்டு அடித்துக் கொண்டுவந்தாள். பார்க்க வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருந்தது. வேண்டாம் என்றேன். நான் தெலுங்கு மீடியத்தில் படித்தவள். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, எங்கள் பக்கத்தில் அது சகஜம். ஒரு முழுத்தாளில், ஒரே பக்கத்தில், கையால் தெலுங்கில் எழுதினேன். வருஷம், எடை, என்ன செய்தேன், என்ன ஆனது. கீழே மூன்று மாதச் சர்க்கரை: போன வருஷம் 9.2, இந்த வருஷம் 8.8. அதற்குக் கீழே ஒரு கேள்வி. சில சர்க்கரை மாத்திரைகளும் இன்சுலினும் எடையைக் கூட்டும் என்று படித்தேன், என்னுடையதில் அப்படி ஏதாவது உண்டா? இந்த வரியை வைப்பதா எடுப்பதா என்று வெகுநேரம் யோசித்தேன். மாத்திரை எழுதியவர் அவர்தான். குற்றம் சாட்டுகிற மாதிரி இல்லாமல், கேட்கிற மாதிரி வைத்தேன்.

ஒத்திகை சமையலறையில் நடந்தது. மகள்தான் டாக்டர். அரிசி டப்பாவின்மேல் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "ஏம்மா, ஏமயிந்தி? வாயைக் கட்டும்மா" என்றாள். முதல் தடவை நான் சிரித்துவிட்டேன். இரண்டாம் தடவை, "கட்டிப் பார்த்துட்டேன் சார்" என்றேன். குரல் உடைந்தது. மகள் டப்பாவிலிருந்து இறங்கிவந்து, "அம்மா, அழுதா அவர் டாபிக்கை மாத்திடுவார். அழாம சொல்லு" என்றாள். வீட்டில் இரண்டு பேர் அழுதுகொண்டே அழாமல் பேசப் பழகியதை, வாசலில் கொய்யா விற்க வந்தவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

நேரம் பார்க்க வேண்டும். சாயங்கால ஓ.பி.யில் பிச்சாட்டூரிலிருந்தெல்லாம் ஜனம் வரும், ஆளுக்கு இரண்டு நிமிஷம் கிடைத்தால் அதிகம். கம்பவுண்டர் அண்ணாவிடம் கடைசி டோக்கனைக் கேட்டு வாங்கினேன். என் வீட்டுக்காரரும் வருகிறேன் என்றார். எனக்கு இஷ்டமில்லை. அவர் இருந்தால் டாக்டர் அவரிடம்தான் பேசுவார். ஆனால் வண்டி ஓட்ட அவர் வேண்டும்.

டாக்டர் தாளை வாங்கிப் படித்தார். இரண்டு தடவை படித்தார். ரவிக்கை அளவு ஜெராக்ஸைப் பார்த்து, "இதி ஏமி?" என்று கேட்டார். சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. விரலை வைத்து வருஷம் வருஷமாக இறக்கிக்கொண்டே வந்தார். பிறகு, நான் எதிர்பார்த்தபடியே, "எந்துகம்மா? இன்னும் ஆறு மாசம் பாரு. நல்லா இருக்கிற வயித்தை எதுக்கு வெட்டணும்?" என்றார்.

நான் ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன். ஆயிரத்தில் மூன்றைச் சொன்னேன், வைட்டமினைச் சொன்னேன், கிரெலினைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். அசையவில்லை. தன் நோயாளிகளில் யாரும் இதைச் செய்துகொண்டதில்லை என்றார். அது அவருடைய பயம் என்று எனக்கு அப்போது புரிந்தது. ஏதாவது ஆனால், அனுப்பியவர் அவர் என்று ஊர் சொல்லும்.

மாத்திரை பற்றிய வரிக்கு வந்ததும் நிறுத்தினார். "ஆமா, இதுல ஒண்ணு எடை கூட்டும். மாத்தலாம்" என்றார், சாதாரணமாக. பிறகு வேறு ஏதோ யோசித்த மாதிரி, என்னைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "ராத்திரி குறட்டை விடறாங்களா?" என்று கேட்டார்.

எனக்குக் கோபம். குறட்டையைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை, அது ஒரு வியாதி என்று எனக்குத் தோன்றியதே இல்லை. என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "குறட்டை பரவால்ல சார். குறட்டை நின்னுட்டாத்தான் பயம். மூச்சே நின்னுடும். நான் எண்ணிக்கிட்டே இருப்பேன். முப்பது வரைக்கும் போயிருக்கு. தோளைத் தட்டுவேன், சட்டுனு இழுப்பாங்க. ஷிப்ட் இல்லாத நாள்ல ராத்திரி பூரா முழிச்சிக்கிட்டுத்தான் இருப்பேன்."

"எப்பலேர்ந்து?"

"கொரோனாவுக்கு முன்னாடிலேர்ந்து."

இவ்வளவு வருஷமாகப் பக்கத்தில் படுத்திருக்கும் மனுஷர் ஒரு தடவைகூட என்னிடம் இதைச் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று வண்டியில் திரும்பும்போது கேட்டேன். "சொன்னா நீ தூங்க மாட்டே" என்றார்.

டாக்டர் நாற்காலியில் நிமிர்ந்துவிட்டார். இதுவரை நான் அவரை ஒரு விஷயத்துக்குச் சம்மதிக்க வைக்கப் பார்த்தேன், இப்போது அவர் கையில் ஒரு நோய் கிடைத்துவிட்டது. பகலில் கண் சொருகுகிறதா, காலையில் தலை வலிக்கிறதா, பி.பி. எத்தனை மாத்திரைக்கு அடங்குகிறது என்று கேட்டுக்கொண்டே எழுதினார். கம்பவுண்டரைக் கூப்பிட்டு எடை மிஷினைக் கொண்டுவரச் சொன்னார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். 95.4. நோட்டில் எழுதினார். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக.

திருப்பதியில் ஒரு ராத்திரி தலை, மூக்கு, மார்பு, விரல் எல்லாவற்றிலும் ஒயர் ஒட்டிக்கொண்டு தூங்கி ஸ்லீப் ஸ்டடி எடுத்தோம். மணிக்கு முப்பதுக்கு மேல் மூச்சு தடைபட்டால் கடுமையானது என்று கணக்கு. எனக்கு 41. ராத்திரி மாட்டிக்கொள்ள முகமூடி மிஷின் ஒன்றைக் கொடுத்தார்கள். அதை மாட்டிய முதல் ராத்திரி என் வீட்டுக்காரர் விட்ட குறட்டையை நான் முழித்திருந்து கேட்டேன்.

ரிப்போர்ட்டோடு போனபோது டாக்டர் அதிகம் பேசவில்லை. லெட்டர்பேடை எடுத்தார். அதில் இன்னும் சித்தூர் ஜில்லா என்றே அச்சாகியிருந்தது. 2022 ஏப்ரலில் நாங்கள் திருப்பதி ஜில்லாவுக்குப் போனதை அவர் லெட்டர்பேடு ஒப்புக்கொள்ளவில்லை. ஆங்கிலத்தில் எழுதினார். இந்த அம்மாள் இத்தனை வருஷமாக என் பார்வையில் இருக்கிறார், இன்ன இன்ன பத்தியங்கள் இருந்து இளைத்துத் திரும்ப ஏறியிருக்கிறார், சர்க்கரை கட்டுக்குள் இல்லை, கடுமையான தூக்க மூச்சுத்திணறல் இருக்கிறது, எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் பரிசீலிக்கும்படி வேலூருக்கு அனுப்புகிறேன். டைலர் நோட்டு ஜெராக்ஸையும் பின்னால் வைத்துப் பின் அடித்தார். "இது எதுக்கு சார்?" என்றேன். "இருக்கட்டும், யாராவது படிப்பாங்க" என்றார்.

அந்த லெட்டரோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. வேலூரில் எண்டோஸ்கோப்பி, தைராய்டு, எக்கோ, மனநல ஆலோசகரோடு ஒரு மணி நேரம், டயட்டீஷியன் வகுப்பு, ஆபரேஷனுக்கு முன் கல்லீரல் சுருங்குவதற்காக இரண்டு வாரம் கஞ்சித் தண்ணி போன்ற பத்தியம். காப்பீட்டுக்காரர்கள் இரண்டு தடவை காகிதம் கேட்டார்கள், இரண்டு தடவையும் காகிதம் இருந்தது. எடையைக் குறைக்கும் புது ஊசிகள் இந்தியாவுக்கு வரத் தொடங்கியது 2025 மார்ச்சில். கொஞ்சம் முன்னாடி வந்திருந்தால் நான் எதைக் கேட்டிருப்பேன் என்று யாராவது கேட்டால், மாசா மாசம் அன்றைய விலையைக் கொடுக்க எங்கள் சம்பளம் தாங்கியிருக்காது என்பதைத்தான் முதலில் சொல்வேன்.

இப்போது தெருவில் சில பேர் என்னிடம் வந்து இந்த ஆபரேஷனைப் பற்றி மெதுவாகக் கேட்கிறார்கள். ஆச்சரியமில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் எடை கூடியவர்கள் ஆந்திராவில் 36.3 சதவீதம், தமிழ்நாட்டில் 40.4. எல்லையில் இருக்கும் சுருட்டப்பள்ளிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே கதைதான். எல்லோருக்கும் ஆபரேஷன் வேண்டியதில்லை, பெரும்பாலானவர்களுக்கு வேண்டியதில்லை. நான் அவர்களிடம் கேட்பது, மிஷினில் ஏறினாயா, தேதி போட்டு எழுதினாயா, ராத்திரி உன் மூச்சைப் பற்றி வீட்டுக்காரரிடம் கேட்டாயா என்றுதான். கடைசிக் கேள்விக்கு எல்லோரும் வெட்கப்படுகிறார்கள்.

லெட்டர் வாங்கிவந்த அன்று ராத்திரி அத்தை திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். எத்தனை தையல், எத்தனை நாள், யார் கூடத் தங்குவது. கடைசியில் கேட்டாள்: "சாமிக்குச் சக்கரப் பொங்கல் வெச்சா ஒரு வாய் சாப்பிடலாமா, கேட்டியா?"

"கேக்கல அத்த."

"இத்தனை காகிதம் எழுதினே, அதைக் கேக்கலியா?"

வேலூரில் டயட்டீஷியனிடம் அதைத்தான் முதலில் கேட்டேன். சின்னப் பெண், சிரிக்காமல் பதில் சொன்னாள். மூன்று மாசம் ஆகட்டும், வெல்லமும் நெய்யும் குறைத்து, இரண்டு ஸ்பூன், மெதுவாக. போன் போட்டு அத்தையிடம் சொன்னேன்.

"ரெண்டு ஸ்பூனா? அதுக்கு எதுக்குடி ஒரு பானை வெக்கிறது?" என்றாள்.